மண் தின்னும் எண்ணெய்க்கும் கணக்கு வேண்டும்

நிலத்தடி நீரில் பெட்ரோலோ டீசலோ கலந்துவிட்டால் கோடிக்கணக்கில் கொட்டி, மோட்டார் வைத்து உறிஞ்சினால்தான் விமோசனம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொரு பக்கம், "விடுங்க, நாளாக நாளாகத் தானா சரியாயிடும்" என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்புமே தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1979 ஆகஸ்ட் 20 அன்று அங்கே கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் வெளியே கொட்டியது. அள்ள முடிந்ததை அள்ளினார்கள், எரிக்க முடிந்ததை எரித்தார்கள், அப்படியும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கி, ஒரு பகுதி நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் போய் மிதந்தது. 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தை விடாமல் அளந்து வருகிறது. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற நுண்ணுயிரிகளே, எண்ணெயில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப்பொருள் போன்றவற்றைத் தின்கின்றன. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இருக்கிற வரை அதை வைத்து, அது தீர்ந்ததும் மணல் துகள்களின் மேல் துருபோலப் படிந்திருக்கும் இரும்பை வைத்து, அப்புறம் மீத்தேனை வெளிவிட்டபடி. அதனால்தான் பென்சீன் நிலத்தடி நீரின் வேகத்துக்குப் பரவாமல் ரொம்பவே பின்தங்கிவிட்டது.

சரி, அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. அந்த இரும்புத் துரு கரைந்தபோது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் தண்ணீருக்குள் இறங்கியது, குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைப் போலப் பல மடங்கு. கண்காணிப்புக் கிணறுகளில் வருடக்கணக்கில் தண்ணீர் எடுத்துச் சோதித்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

நுண்ணுயிரிகளுக்குக் கைகொடுக்கவும் மலிவான வழிகள் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது, கிணற்றுக் குழாயின் வாயில் வைக்கிற ஒருவழி வால்வு. உள்ளே பிங்பாங் பந்து கனத்தில் ஒரு சிறு பந்து, அவ்வளவுதான். வெளியே காற்றழுத்தம் கூடும்போது பந்து விலகி மண்ணுக்குள் காற்று போகும், அழுத்தம் குறைந்தால் பந்து வழியை அடைத்துக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம்.

ஆனால் நுண்ணுயிரிகளை நம்புவது எல்லா எரிபொருளுக்கும் பலிக்காது. பெட்ரோலில் சேர்த்த எம்.டி.பி.இ. என்ற பொருள் தண்ணீரில் சட்டென்று கரையும், லேசில் சிதையாது. 1996-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் அதனால்தான் தன் குடிநீர்க் கிணறுகளில் பெரும்பாலானவற்றை மூட வேண்டி வந்தது.

நம் தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டு போர்வெல்லிலேயே எண்ணெய் வந்ததே, அது மாதிரி நெரிசலான இடத்தில் இயற்கையை நம்புவதாக இருந்தால் என் நிபந்தனைகள் இவைதான். முதலில் மிதக்கிற எண்ணெயை எடுத்தாக வேண்டும். கசிவுக்குக் காரணமானவர்கள் தங்கள் செலவிலேயே வீடுகளுக்கு நல்ல தண்ணீர் தர வேண்டும், அதுவும் கிணறு தேறும்வரை. தெருவுக்குத் தெரு கண்காணிப்புக் கிணறு போட்டு, பென்சீனோடு ஆர்சனிக்கையும் அளந்து, அந்த எண்களை அங்கே குடியிருப்பவர்கள் படிக்கிற மாதிரி தமிழில் எழுதி வைக்க வேண்டும். இந்தச் செலவைக்கூடச் செய்ய மாட்டேன் என்பவர்கள் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள்.