குளத்தை நிரவிவிட்டுக் கிணற்றைக் குறை சொல்கிறோம்

நேற்றுப் பின்னேரம் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். பக்கத்துக் காணிப் பெரியப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். செம்மண் வாய்க்காலில் தண்ணீர் ஓடிவர, ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி அதன் வாயை அடைப்பார், அடுத்த பாத்தியின் வாயைத் திறப்பார். அறுபது வருடப் பழக்கம், பார்க்காமலே கை போகும். பாதித் தோட்டம்கூட நனையவில்லை, அதற்குள் தண்ணீர் இறைக்கிற மெசின் காற்றை இழுத்துக் கரகரவென்று கத்தத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் நிறுத்திவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். "வத்திப்போச்சுத் தம்பி. இனி விடிய ஊறினாத்தான்." வாய்க்காலில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர் என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சவர். உப்புக் கரிக்கிற தண்ணீர். கடும் சவர் இல்லை, ஆனால் நாக்குக்குத் தெரிகிற சவர். இதே கிணற்றில் சின்ன வயதில் வாளியால் அள்ளிக் குடித்திருக்கிறோம். இரவு நித்திரை வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும். மற்றபடி குடிக்கிறது, குளிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாமே ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வானத்திலிருந்து விழுகிற தண்ணீர்தான். அது எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்கும் பொந்துகளுக்கும் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கும், அவ்வளவுதான். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து அந்த 1 அடியைக் குறைத்தோம் என்றால் கீழே இருந்து சவர் 40 அடி எழும்பும். நிலாவரைக் கிணற்றுக்கு எத்தனை தரம் போய்ப் படம் எடுத்திருப்போம், அங்கே மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். எங்கள் வீட்டுக் கிணறுகளும் அந்த மாதிரித்தான். பெரியப்பாவின் கிணறு வற்றியதைவிட அது சவர்த்ததுதான் எனக்குப் பயம். வற்றின கிணறு ஒரு மாரியில் நிரம்பிவிடும், சவர் ஏறின கிணறு அவ்வளவு சுகமாகத் திரும்பாது. சிலர் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்தால் சரிவரும் என்று நினைக்கிறார்கள். கடலோரத்தில் அது சவரைத் தேடிப் போகிற வேலை.

இங்கே தண்ணீர் என்று கதை தொடங்கினாலே வெளியில் இருந்து கொண்டுவருகிற தண்ணீரைப் பற்றித்தான் கதை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருமா வராதா என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்தோம். கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் சிறுபோக நெல் விளைச்சல் போய்விடும் என்று பயந்ததில் எந்தப் பிழையும் இல்லை, அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் எதிர்த்திருப்பேன். பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையம் வந்தது, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் எடுக்கலாம். குடிநீருக்கு அது வேண்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் மின்சாரம் கொட்டி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீரை ஒருவரும் வெங்காயப் பாத்திக்குக் கட்டப்போவதில்லை. தோட்டக்காரனுக்குக் கிணறு மட்டும்தான்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் போட்ட 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தையும் சொல்லவேண்டும். கனகராயன் ஆற்றுத் தண்ணீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் மறித்து, முள்ளியான் பக்கத்தால் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கு விட்டு, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடலைத் தடுத்து, அந்த நீரேரிகளையே மெல்ல நன்னீராக்கிவிடலாம் என்பதுதான் அவருடைய யோசனை. என்ன ஒரு மனுசன்! அதில் சில பகுதிகள் நடந்தன, முழுவதும் இன்னும் முடியவில்லை. அது நிறைவேறவேண்டும் என்று நானும் கேட்கிறேன். ஆனால் அதற்காக என் ஊர்க் குளம் காத்திருக்கத் தேவையில்லை.

குடாநாட்டில் சிறு குளங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். எங்கள் ஊரில் மூன்று. ஒன்றை எப்போதோ நிரவிக் கட்டடம் எழும்பிவிட்டது. இன்னொன்றில் வீடு உடைத்த கல்லும் சீமெந்துக் கட்டிகளும் பம்பஸும் கொட்டிக் கொட்டிப் பாதிக் குளம்தான் மிச்சம். மூன்றாவது, கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது, அது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் வருகிற வழி இல்லை. றோட்டை உயர்த்திப் போட்டபோது கீழால் தண்ணீர் போன பழைய மதவை மூடிவிட்டார்கள். வேலை நடக்கும்போதே போய்ச் சொன்னோம், வரைபடத்தில் மதவு இல்லை என்றார் மேற்பார்வையாளர். கடிதம் கொடுத்தோம், அந்த அலுவலகம் இந்த அலுவலகத்தைக் கை காட்டியது, இந்த அலுவலகம் குளம் யாருடையது என்று கேட்டது. இப்போது மாரியில் வெள்ளம் றோட்டுக்கு ஒரு பக்கம் வீடுகளுக்குள் நிற்கும், மறுபக்கம் குளம் அரைக்குளமாகக் கிடக்கும். 2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த மழையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சனத்தை வெளியே கொண்டுவந்தோம். அதே ஊரில்தான் இந்த ஆவணியில் கிணறு வற்றுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 பரப்புக் காணியில், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றரில், 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரையில் 9,000 லீற்றருக்கு மேல். ஒரு நல்ல மாரியில் அந்த மாதிரி மழை ஒரு நாளிலேயே வரும். முன்பு கிளுவை வேலி, மண் முற்றம், வளவுக்குள் விழுந்த தண்ணீர் வளவுக்குள்ளேயே இறங்கும். இப்போது சுற்றிவர மதில், முற்றம் முழுக்கக் கொங்கிரீட் கல், கூரைப் பீலித் தண்ணீரைக் குழாய் வைத்து றோட்டுக்கு விடுகிறோம், றோட்டிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து கடலுக்கு. புதிதாக வீடு கட்டுகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வளவில் ஒரு மூலையையாவது மண்ணாக விடுங்கள், பீலித் தண்ணீரை அங்கே இறக்குங்கள்.

அடுத்தது நாங்கள் மண்ணுக்குள் போடுகிறவை. குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதைப் பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரில் அது கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். காரணம் பாதி யூரியா, பாதி மலசலகூடக் குழி. அரைப் பரப்பு, ஒரு பரப்பு என்று துண்டு போட்ட காணியில் கிணறும் குழியும் பக்கத்துப் பக்கத்தில், இடையில் ஓட்டைச் சுண்ணாம்புக்கல். சுன்னாகத்தில் கிணற்றுக்குள் எண்ணெய் மிதந்ததையும் பார்த்தோம், 2019இல் உயர் நீதிமன்றம் வரை போய் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. அதில் குற்றம் சாட்ட ஒரு மின்னுற்பத்தி நிறுவனம் இருந்தது. நைத்திரேற்றுக்கு நாங்கள்தான் பொறுப்பு.

அதற்காக 2021இல் அரசாங்கம் செய்ததுபோல் ஒரே இரவில் இரசாயனப் பசளையைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தடை நவம்பரிலேயே போய்விட்டது, ஆனால் இன்றைக்கும் எரு, குழை என்று வாய் திறந்தால் தோட்டக்காரர் எரிச்சலோடு பார்க்கிறார்கள். பெரியப்பாவின் ஐயா காலத்தில் பூவரசங் குழை வெட்டித் தாழ்த்தாமல் புகையிலை நட்டதில்லை, பனையோலையையும் வெட்டிப் புதைப்பார்கள். அந்த மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது, இறைப்புக்கு இறைப்பு நாள் கூடியது. கொஞ்சம் கொஞ்சமாக அதற்குத் திரும்பலாம், யூரியாவைப் பாதியாக்கலாம். தூவல் பாசனம் பூட்டியவர்கள் மெசின் ஓடுகிற நேரம் குறைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள், அதற்குக் கடனோ மானியமோ கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கோயிலுக்கு நீங்கள் அனுப்பும் காசில் கோபுரம் எழும்புகிறது, மண்டபம் எழும்புகிறது, சந்தோசம். அதே கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குளத்தைத் தூர்வாரவும் கொஞ்சம் அனுப்புங்கள். ஆனால் சுற்றிவரச் சீமெந்துக் கட்டுக் கட்டி, கல் பதித்து, மின்விளக்குப் போட்டு அழகாக்குகிறோம் என்று மட்டும் வெளிக்கிடவேண்டாம். தண்ணீர் உள்ளே வர வழி வேண்டும், அடியில் இறங்க மண் வேண்டும்.

புரட்டாதி முடிய முதல் அந்த மதவைத் திறக்கவேண்டும். பிரதேச சபையில் வாய்மொழியாக அனுமதி தந்திருக்கிறார்கள், எழுத்தில் இந்தக் கிழமை தருவதாகச் சொன்னார்கள். வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குக் கோயிலடியில் நிற்போம், வெள்ளவாய்க்காலில் இருக்கிற மண்ணையும் பற்றையையும் முதலில் எடுக்கவேண்டும். மண்வெட்டி, கடகம் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். பெரியப்பா தன்னுடைய லாண்ட்மாஸ்டரை, இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, பெட்டியோடு தருகிறாராம், எடுக்கிற வண்டல் மண்ணில் இரண்டு பெட்டி தன் தோட்டத்துக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.