'தட்' இல்லாத வாக்கியம் பிழையா?

'சே' (சொல்), 'திங்க்' (நினை), 'நோ' (அறி) ஆகிய ஆங்கில வினைச்சொற்களுக்குப் பின், 'என்று' எனப் பொருள்படும் 'தட்' வராவிட்டால் அது இலக்கணப் பிழை என்று கூறும் செய்தி ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

இவ்வினைகளுக்குப் பின் 'தட்' வருவதும் வராததும் எழுதுபவரின் விருப்பம். 'ஷி செட் ஷி வாஸ் டயர்ட்' என்பது பிழையற்ற முழு வாக்கியமே. ஆக்ஸ்போர்டின் கற்போர் அகராதியில் 'சே' என்ற சொல்லைப் பார்த்தால், அங்கே 'தட்' அடைப்புக்குறிக்குள் தரப்பட்டிருக்கும். அதை விட்டுவிடலாம் என்பதற்கான அடையாளம் அது. 'பாயிண்ட் அவுட்', 'ரிப்ளை' போன்றவற்றில் மட்டும் 'தட்' சேர்த்து எழுதுவதே பெருவழக்கு.

ஆய்வுக் கட்டுரைகளில் 'தட்' பெரும்பாலும் இடம்பெறுவதற்குக் காரணம் தெளிவுதான். 'தி ஸ்டடி ஃபவுண்ட் த டிரக்' என்பது வரை படித்தவர், அந்த ஆய்வு மருந்தையே கண்டுபிடித்துவிட்டது என ஒரு கணம் எண்ணக்கூடும். அடுத்துவரும் 'வாஸ் சேஃப்' என்ற சொற்களைக் கண்ட பின்னரே, மருந்து பாதுகாப்பானது என்பதே கண்டறியப்பட்ட செய்தி என்று அவருக்குப் புரியும். இடையில் ஒரு 'தட்' இருந்தால் இந்தத் தடுமாற்றம் நேராது. நல்ல நடைக்கான இந்த அறிவுரையைத்தான் யாரோ சட்டமாக்கிவிட்டார் போலும்.

மாணவர்கள் உண்மையில் தவறுமிடம் வேறு. 'சொல்' என்ற பொருளில் வரும் 'டெல்' வினையோடு 'தட்' தொடரைச் சேர்க்கும்போது, இடையில் யாரிடம் என்பது வந்தாக வேண்டும்: 'ஹி டோல்ட் மீ தட்' என்பது சரி, 'ஹி டோல்ட் தட்' என்று தொடங்குவது பிழை. 'எக்ஸ்ப்ளெயின்' வினைக்கோ ஆளுக்கு முன் 'டு' தேவை.

தேர்வு நெருங்கும் வேளையில் மாணவர்களை வீணாகக் குழப்பும் அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.