பழைய கோல்ட் பிஸ்டலில் .38 சூப்பர் வேண்டாம்

கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1902 மாடல் பிஸ்டலில் .38 சூப்பர் தோட்டா சரியாக உட்காருகிறது, அதனால் சுடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உட்காரும் என்பது உண்மைதான். சுடலாம் என்பது சரியல்ல. தயவுசெய்து யாரும் முயன்று பார்க்காதீர்கள்.

அந்தப் பிஸ்டல் .38 ஏசிபி தோட்டாவுக்காகச் செய்தது. 1929இல் வந்த .38 சூப்பருக்கும் தோட்டாக்கூடு அதே அளவுதான், ஆனால் சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் அதிகம். துப்பாக்கி, தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சாமி (SAAMI) அமைப்பு வைத்த அழுத்த உச்சவரம்பு ஏசிபிக்கு 26,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), சூப்பருக்கு 36,500. அப்புறம், 1902 மாடலில் ஸ்லைடு (சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதி) பின்னால் கழன்று வராமல் பிடித்திருப்பது முன்பக்கம் குறுக்கே செருகிய ஒரு சின்ன ஆப்பு. அது உடைந்தால் ஸ்லைடு சுடுபவரின் முகத்துக்கு நேராகத்தான் வரும். எனக்குக் கவலையே இதுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். சாமியின் தர ஆவணம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; இரண்டு தோட்டாக்களின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் இருக்கும் தோட்டா எது என்பதை அதன் அடிப்பாகத்தில் உள்ள பொறிப்பு சொல்லும். 'சூப்பர்' என்றோ '+பி' (அழுத்தம் அதிகம் என்பதன் குறி) என்றோ இருந்தால் அது இந்தப் பிஸ்டலுக்கானது அல்ல.