பூனை மூத்திரம் பெய்கிறது என்று உரப்பையைத் தேடுபவர்களுக்கு

கொழும்பின் தொடர்மாடிகளில் பூனை வளர்ப்பவர்கள் கூடிவருகிறார்கள். வளர்த்த பூனையை உரப்பையில் கட்டிக்கொண்டுபோய் மீன்சந்தைப் பக்கமோ கோயில் மதிலோரமோ விட்டுவிட்டு வருபவர்களும் குறைந்தபாடில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மணல் தட்டு இருக்கத்தக்கதாகக் கட்டிலிலும் செற்றியிலும் மூத்திரம் பெய்கிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. நாற்றம் உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தக் காரணத்துக்காகப் பூனையைத் துரத்துபவர்களில் அநேகர் அதை ஒருமுறையாவது மிருக வைத்தியரிடம் காட்டியிருக்கமாட்டார்கள், அதற்கு வைத்த தட்டைக் குனிந்து பார்த்திருக்கவும் மாட்டார்கள் என்பதே என் கருத்து.

வெள்ளவத்தையில் எங்கள் மாடியின் மேல்தளத்தில் இருக்கும் அன்ரி ஒருநாள் படியில் வைத்து என்னை மறித்து, "வேணுமெண்டுதான் செய்யுது பிள்ளை, எங்களிலை அதுக்குக் கோவம்" என்றார். "இல்லை அன்ரி, அதுக்கு ஏதோ ஏலாமல் கிடக்குது போல" என்றேன். அவர் நம்பவில்லை. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த உறவினரின் பயணப்பெட்டியின்மேல் வந்த அன்றே அது பெய்துவிட்டதைச் சாட்சியாகச் சொன்னார். பூனை தன் வீட்டை வாசனையால் அறிகிறது. அந்நிய நாட்டு வீடொன்றின் வாசனையை, சிலவேளை அங்குள்ள இன்னொரு பூனையின் வாசனையையும், சுமந்துவந்த பெட்டி திடீரென்று நடுவீட்டில் வந்து நின்றால், பதற்றப்பட்ட பூனை அதன்மேல் தன் வாசனையைப் போட்டுத் தன்னை ஆறுதல்படுத்திக்கொள்ளும். அதில் பழிவாங்கும் எண்ணத்தைத் தேடுவது நம்முடைய குடும்பச் சண்டைகளை அதன் தலையில் கட்டுவதாகும்.

அந்த வீட்டுப் பூனை, மூன்று வயதுக் கடுவன், குளியலறையில் தண்ணீர் வடியும் துவாரத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மாபிளில் குந்தியிருந்ததை நான் போய்ப் பார்த்தேன். முதுகு வளைந்து, வால் அடி நடுங்கி, முக்கிக்கொண்டே இருந்தது. எழுந்து இரண்டடி நடந்து மறுபடியும் குந்தியது. அது எழுந்த இடத்தில், ரோசா நிறம் கலந்த ஒரேயொரு துளி. வீட்டார் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்கள். கடுவனின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது; அங்கே பளிங்குத் துகள்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் சிறுநீர்ப்பை வீங்கி, சிறுநீரகம் வேலைசெய்ய முடியாமல்போய், இரத்தத்தில் பொற்றாசியம் ஏறி, இதயம் நின்றுவிடும். இதற்கெல்லாம் ஓரிரு நாட்களே போதும். அன்றிரவே வைத்தியரிடம் கொண்டுபோய்க் குழாய் செலுத்தி அடைப்பை எடுத்தபடியால் அது பிழைத்தது. ஆகவே, கடுவன் அடிக்கடி குந்தியும் சிறுநீர் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடைப்பு இல்லாவிட்டாலும் நோவு இருக்கலாம். தட்டில் இருந்தபோது நொந்தது என்றால், பூனை நோவுக்குத் தட்டையே காரணமாக்கிவிடும். பிறகு அது குளிர்ந்த மாபிளையோ, கை கழுவும் பேசினையோ, மெத்தையையோ தேடிப் போகும். 10 வயதுக்கு உட்பட்ட பூனைகளில் இதற்குக் கிருமித்தொற்று காரணமாக இருப்பது குறைவு; சிறுநீர்ப்பையின் உட்சுவர் கிருமி ஏதும் இல்லாமலே அழற்சி அடைவதுதான் அதிகம், அதற்கும் மனநெருக்கடிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சித்திரைப் புத்தாண்டுப் பட்டாசு, அடுத்த வீட்டில் சுவர் துளைக்கும் சத்தம், புதிதாக வந்த குழந்தை என்று எதுவும் அதைக் கிளப்பிவிடலாம். இந்த நிலையில் பாமசியில் கேட்டு வாங்கிய அன்டிபயோட்டிக்கை அரைத்துக் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. அதைவிட மோசமானது, நோவுக்கென்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுப்பது. மனிதருக்கான ஒரே ஒரு பனடோல் குளிசை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதன் ஈரலால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது.

வயதான பூனைகளின் கதை வேறு. துளித்துளியாக அல்லாமல் பெரிய குளமாகப் பெய்கிறது, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது என்றால் சிறுநீரக நோய், நீரிழிவு, தைரொயிட் என்று வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டியிருக்கும். மூட்டுவாதம் உள்ள கிழட்டுப் பூனைக்கு உயர்ந்த விளிம்புள்ள தட்டில் ஏறி இறங்குவதே வேதனை. பிளாஸ்டிக் பேசினின் ஒரு பக்கத்தைக் கீழே வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தால் அந்தப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும்.

வைத்தியர் உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகே தட்டின் விடயத்துக்கு வரவேண்டும். கடையில் விற்கும் தட்டுகளில் பெரும்பாலானவை குட்டிகளுக்குப் போதும், வளர்ந்த பூனைக்குப் போதாது. மூக்கிலிருந்து வாலின் அடிவரையான நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. அந்த அளவுக்கு உடுப்புத் தோய்க்கும் பெரிய பேசின் ஒன்றே போதும், விலையும் குறைவு. மூடி போட்ட, பூமணம் சேர்த்த தட்டுகள் பூனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, நம் மூக்குக்காகச் செய்யப்பட்டவை. மூடிக்குள் நாற்றம் அடைபட்டு நிற்கும், மணமூட்டிய மணல் பூனையின் மூக்கைக் குத்தும். உங்கள் பூனைக்கு மணல் பிடித்திருக்கிறதா என்று அறிய அதன் கால்களைப் பாருங்கள். பிடித்திருந்தால் தோண்டும், பெய்யும், திரும்பி முகர்ந்து மூடும். பிடிக்காவிட்டால் முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, தோண்டாமல் பெய்து, காலை உதறிவிட்டுப் பாய்ந்து ஓடும். அப்படி ஓடும் பூனை ஒரு நாள் தட்டுக்கே வராது.

மணலின் விலையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய பிறகு, இறக்குமதியாகும் பூனை மணல் பல வீடுகளின் கைக்கு எட்டாத பொருளாகிவிட்டது. அதனால் பலர் மணலை மெல்லியதாகப் பரப்புகிறார்கள், அள்ளாமல் நாட்கணக்கில் விடுகிறார்கள். அதைவிட, அரித்தெடுத்த ஆற்றுமணலையோ மரக்காலையில் கிடைக்கும், இரசாயனம் பூசாத மரத்தின் தூளையோ தாராளமாகப் போட்டு அடிக்கடி மாற்றுவது மேல். எதைப் போட்டாலும் ஓரிரு அங்குல ஆழம் இருக்கவேண்டும், தினமும் அள்ளவேண்டும். வகையை மாற்றுவதென்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும். கருவுக்குத் தீங்கு செய்யக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறி, தொற்றக்கூடிய நிலையை அடைய ஒரு நாளாவது எடுக்கும் என்பதால் தினமும் அள்ளுவதே அதற்கும் நல்ல காவல்.

பூனைகளின் எண்ணிக்கையோடு இன்னொன்றைக் கூட்டி அத்தனை தட்டு வைக்கவேண்டும் என்பது பொதுவான விதி. இரண்டு அறை வீட்டில் இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்றால் மனிதர் நிற்க இடமிராது என்பதை நான் அறிவேன். விதியின் எண்ணிக்கையைவிட இடங்களின் எண்ணிக்கையே முக்கியம் என்பது என் அனுபவம். மூன்றையும் ஒரே பல்கனியில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே கக்கூஸ்தான், வாசலில் மற்றப் பூனை படுத்திருந்தால் மூன்றும் மறிக்கப்பட்டுவிடும். இரண்டை வீட்டின் இரு கோடிகளில் வைத்தாலே பாதிச் சண்டை தீரும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது சுழலத் தொடங்கும் நேரத்தில் குந்தியிருந்த பூனை அந்த மூலைக்கு மறுபடி வராது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டு, சுவரிலோ கதவு நிலையிலோ பீச்சினால் அது தன் எல்லைக்கு அடையாளமிடுதல். பெரும்பாலும் மாடிப்படியில் திரியும் வெளிப்பூனைதான் காரணம். அது தெரியும் யன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள், கருத்தடைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் கடுவன்களில் பத்தில் ஒன்பது அளவில் இப்பழக்கத்தை விட்டுவிடுகின்றன.

சுத்தம் செய்வதில்தான் நம் வீடுகள் அதிகம் பிழைவிடுகின்றன. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை, ஆகையால் அதன் சிறுநீர் மிகவும் செறிவானது. அதிலுள்ள யூரிக் அமிலப் பளிங்குகள் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் எளிதில் கரையாது. காய்ந்தபின் போய்விட்டது என்று நினைத்த நாற்றம், மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி வீடெல்லாம் ஈரலித்ததும் மெத்தையிலிருந்து மறுபடி எழும்பும். பூனைக்கு அந்த நாற்றம் "இங்கே பெய்யலாம்" என்ற அறிவித்தல் பலகை. நொதியம் (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை, மூத்திரம் எவ்வளவு ஆழம் ஊறியதோ அவ்வளவு ஆழம் ஊறவிட்டு, தானாகக் காயவிடவேண்டும்; மேலால் துவாயால் துடைத்தால் பயனில்லை. டெட்டோலை ஊற்றிக் கழுவுவது நம் பழக்கம், ஆனால் அதிலுள்ள பீனோல் வகைப் பொருள் பூனைக்கு நஞ்சு, ஈரக்காலை நக்கும்போது அது உள்ளே போய்விடும். பூச்சி உருண்டையை மூலையில் வைப்பதும் அப்படித்தான். குளோரின் வெளிற்றியைச் சிறுநீரின்மேல் ஊற்றினால் எழும் ஆவி உங்கள் நெஞ்சுக்கே கூடாது.

மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பூனை அதன்பின் நிறுத்துவது தட்டுக்கு வெளியே பெய்வதை அல்ல, நீங்கள் பார்க்கும்போது பெய்வதைத்தான். அலுமாரிக்குப் பின்னால் போய்ப் பெய்யும், நீங்கள் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.

இவ்வளவும் செய்தும் மாறாத பூனைகள் இருக்கின்றன. பல பூனைகள் நெருங்கி வாழும் சிறிய வீட்டில், பதற்றமான ஒரு பூனை எப்போதும் பதற்றமாகவே இருந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்டதை, முற்றமும் வேறு பூனை இல்லாத அமைதியும் உள்ள வீடொன்றுக்குக் கொடுப்பதில் பிழையில்லை. மீன்சந்தையில் விடுவதும் அதுவும் ஒன்றல்ல, ஏனென்றால் தொடர்மாடிக்குள் வளர்ந்த பூனைக்கு அங்கே உள்ள நாய்களையும் வாகனங்களையும் தெரியாது. கொடுக்கும்போது மூத்திரப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள், வைத்தியர் எழுதிக்கொடுத்த துண்டையும், அது பழகிய தட்டையும், அதற்குள் இருக்கும் பழைய மணலில் ஒரு பிடியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.