தீர்ப்பு வந்த அன்றே பதவி போவதில்லை

"தண்டனை விதித்த அன்றே எம்.பி. பதவி பறிபோகும்" என்று மலேசிய எம்.பி.க்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. இங்கே பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் இதே வரிதான் சுற்றுகிறது. அது தவறு.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது பிரிவுப்படி, ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ கிடைத்தால் தகுதி போகும். ஆனால் 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால், அது முடியும்வரை நாற்காலி காலியாகாது. மேல்முறையீடு தோற்ற பிறகும் 14 நாளுக்குள் மன்னிப்பு மனு போடலாம். அதற்கும் இதே பாதுகாப்பு உண்டு. முன்னாள் பிரதமர் நஜிப்பைப் பாருங்கள். 28.7.2020இல் ஊழல் வழக்கில் உயர்நீதிமன்றம் அவருக்கு 12 ஆண்டு சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தது. 23.8.2022இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் அவர் சிறைக்குப் போனார். அப்போதும், அக்டோபரில் மக்களவை கலையும்வரை அவர்தான் பெக்கான் தொகுதி எம்.பி. புதிதாக வேட்புமனு கொடுக்க மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, தடை உடனே வரும். அந்த நவம்பர் தேர்தலில் அவர் நிற்க முடியாமல் போனது அதனால்தான்.

அம்னோ கட்சித் தலைவர் ஸாஹிட் ஹமிடியின் ஊழல் வழக்கு விவகாரம் வேறு. 4.9.2023இல் 47 குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தார்கள். அது நிரபராதி என்ற தீர்ப்பு அல்ல. அரசுத் தரப்பு வழக்கை நிறுத்திக்கொண்டது. அரசியலமைப்பின் 145(3) பிரிவு அந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்குத் தருகிறது. இப்படி விடுவித்தால் அதே குற்றச்சாட்டை மீண்டும் கொண்டுவரவும் சட்டத்தில் இடமுண்டு.

கட்சி சார்ந்த ஏடுகள் இந்த நுணுக்கத்தைத்தான் முதலில் வெட்டுகின்றன. உத்துசான் நாளேடு நெடுங்காலம் அம்னோ கையில் இருந்தது, ஸ்டார் நாளேடு மசீச (மலேசிய சீனர் சங்கம்) கட்சியின் கையில். எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, மேல்முறையீடு உண்டா என்ற மூன்றும் இல்லாத செய்தியைத் தயவுசெய்து பகிராதீர்கள்.