டேம்பர் மாற்றினால் ஃபோர்க் உயரமாக நிற்காது

மவுண்டன் பைக்கின் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து, அதிர்ச்சியை வாங்கும் பகுதி) எப்போதும் அமிழ்ந்தே ஓடுகிறது என்று கேட்டவருக்கு, "நல்ல டேம்பர் போடுங்கள், உயரமாக நிற்கும்" என்று பதில் வந்திருக்கிறது. அது தவறு. நீங்கள் பணத்தைச் செலவழிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

டேம்பர் என்பது ஃபோர்க்குக்குள் இருக்கும் எண்ணெய் அமைப்பு; அது கட்டுப்படுத்துவது அசைவின் வேகத்தை. எண்ணெய் சிறு துளைகளையும் ஷிம்களையும் (மெல்லிய உலோகத் தகடுகள்) தாண்டி ஓடும்போதுதான் அதில் எதிர்ப்பு பிறக்கிறது. ஃபோர்க் அசையாமல் இருந்தால் எதிர்ப்பும் இல்லை. உங்கள் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான்; காற்று ஃபோர்க்கில் உள்ளே அடைத்த காற்றே அந்த ஸ்பிரிங். லோ ஸ்பீட் கம்ப்ரஷனை, அதாவது ஃபோர்க் மெதுவாக அமுங்கும்போது டேம்பர் தரும் எதிர்ப்பை, கூட்டினால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான்.

முதலில் சாக் பாருங்கள், அதாவது நீங்கள் ஏறி நின்றதும் உங்கள் எடையால் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று. ஸ்டான்சியனில் (ஃபோர்க்கின் மேல் குழாய்) உள்ள ரப்பர் வளையத்தைச் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, பெடலில் எழுந்து நின்று, குலுக்காமல் இறங்குங்கள். 150 மி.மீ. ட்ராவலில் (ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம்) வளையம் 22 முதல் 30 மி.மீ.க்குள் நிற்பது சரி. அதைவிட மேலே போனால் காற்றைக் கூட்டுங்கள்.

சாக் சரியாக இருந்தும் தொடர் மேடுபள்ளங்களில் மட்டும் அமிழ்ந்துகொண்டே போகிறதா? ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகம், மெதுவாக இருக்கலாம். அடுத்த மேடு வருவதற்குள் ஃபோர்க் மீள்வதில்லை. இரண்டு கிளிக் வேகப்படுத்திப் பாருங்கள். இது டேம்பரின் வேலைதான், ஆனால் திருகைத் திருப்பினாலே போதும்.

அப்புறம் லோயர் சர்வீஸ், அதாவது ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுவது. என் ஃபோர்க்கைக் கழற்றியபோது சீலுக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சு வளையம் கறுத்து, வறண்டு கிடந்தது. அதை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டதும் கிடைத்த மென்மையை எந்த டேம்பரும் தந்திருக்காது.

நீண்ட கல் இறக்கங்களில் கை நடுங்குகிறது, திருகுகளை எங்கே வைத்தாலும் தீரவில்லை என்றால் டேம்பர் மாற்றுவது நியாயம். அப்போதும் ஃபோர்க்கின் மாடல், ஆண்டு, சக்கர அளவு மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.