நீலம் பூத்த அலகைத் தண்ணீர் மீட்காது

பழைய பேனாக்கத்தியின் அலகை மின்சாணையில் தீட்டும்போது அது சிவந்து ஒளிராதவரை பதம் கெடாது என்றும், சூட்டால் அலகின் மேல் நீல நிறம் பூத்தாலும் உடனே தண்ணீரில் தோய்த்தால் கடினம் திரும்பிவிடும் என்றும் ஒரு கருத்து பகிரப்பட்டுள்ளது. உண்மை நிலை வேறு என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

கரிம எஃகு அலகுகள் பொதுவாக 175 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் பதப்படுத்தப்படுகின்றன, அதாவது கடினமாக்கிய எஃகு நொறுங்காதிருக்க மிதமாகச் சூடாக்கப்படுகின்றன. அதைவிடச் சூடேறினால் கடினம் குறையும். நீலம் ஏறத்தாழ 300 டிகிரியில் தோன்றுகிறது, சிவப்பு ஒளியோ 500 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் கண்ணுக்குப் புலப்படும். ஆகவே நீலம் தெரியும்போதே அந்த இடம் மென்மையாகிவிட்டது. தண்ணீர் சூடு மேலும் பரவாமல் தடுக்குமே தவிர, இழந்த கடினத்தைத் தராது. அதற்கு எஃகை ஏறத்தாழ 800 டிகிரிக்குச் சூடாக்கி, விரைந்து குளிர்வித்து, மீண்டும் பதப்படுத்த வேண்டும். நீல நிறத்தை உப்புத்தாளால் தேய்த்து அகற்றிவிடலாம் என்பதுதான் இதில் ஏமாற்றும் பகுதி. பளபளப்பு திரும்பும், பதம் திரும்பாது.

இதை யாரும் சோதிக்கலாம். கைப்பிடியிலிருந்து கழன்ற, இனி உதவாத கரிம எஃகு அலகு ஒன்றைக் குறட்டால் பிடித்து, நுனியை மட்டும் நீலம் பூக்கும்வரை தீயில் காட்டித் தண்ணீரில் தோய்த்தபின், நல்ல அரத்தால் நுனியையும் சூடுபடாத பகுதியையும் மாறிமாறி அராவிப் பாருங்கள். சூடுபடாத பகுதியில் அரம் பெரும்பாலும் வழுக்கும். நுனியில் தெளிவாகப் பற்றும்.